அலுமினியத்தை வீட்டைவிட்டு விரட்டியவர்

பாதிக் கட்டுரை படித்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஒன்றுமே படிக்காதவரால் யாருக்கும் தொல்லையில்லை. முழுக்கப் படித்தவர் குழம்பிப்போய் வாயை மூடிக்கொள்வார். பாதி படித்தவர்தான் கிளம்பி வருவார்.

நம் ஆள் காப்பீட்டு அலுவலக மேற்பார்வையாளர். காலை ரயிலில் தொங்கிக்கொண்டே, அலுமினியம் மூளையை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சிக் கட்டுரையை இரண்டாம் பத்திவரை படித்தார். இறங்குமிடம் வந்துவிட்டது. போதாதா? மாலையே குக்கர், வாணலி, பால் பாத்திரம், மகளின் டிபன் பாக்ஸ், எல்லாம் சாக்குக்குள் போயின.

"எதுல சமைக்கிறது?" என்றாள் மனைவி.

"மரபணுவோட எழுத்து மாறாதும்மா. அதுமேல மெத்தில்னு ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டினா அந்த ஜீன் வாயை மூடிக்கும். அலுமினியத்தோட வேலை."

"உங்க வாயில மட்டும் ஒட்ட மாட்டேங்குதே."

அவளுக்கு வேறு கவலை. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வுபெற்று இவர்களோடு இருக்கும் அவள் அப்பா, மூக்குக் கண்ணாடியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பாவை டாக்டர்கிட்ட காட்டணும்."

"டாக்டருக்கு இதெல்லாம் எங்க தெரியும்? பாத்திரம் போயிடுச்சில்ல, ஜீன் தானா வாயைத் திறக்கும். பொறு."

மூன்று மாதம் பொறுத்தாள். ஜீன் திறக்கவில்லை. ஒருநாள் மாமனார் பக்கத்து வீட்டுப் பூட்டில் தம் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டு, கதவைத் திறக்காத மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் அவள் விடுப்பு போட்டு, இவரிடம் சொல்லாமலே அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்தத்தில் பி12 வைட்டமின் அடிமட்டம். "இன்னும் தள்ளிப்போட்டிருந்தா முழுசா மீட்டிருக்க முடியாது" என்றார் டாக்டர். ஊசிகள் போட்டார்கள். மெல்ல மெல்ல மாமனார் திரும்பி வந்தார். அவரோடு பிழை திருத்தும் கண்ணும்.

ஓர் இரவு சாப்பிட்டு முடித்ததும் நம் ஆள் வழக்கம்போல் நெஞ்செரிச்சலுக்கு வெள்ளை மருந்தை இரண்டு மூடி குடித்தார். பத்து வருடப் பழக்கம். மாமனார் பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"மாப்பிள்ளை, அலுமினியம் ஹைட்ராக்சைடுன்னு போட்டிருக்கே. அச்சுப் பிழையா?"

"அது மருந்து, மாமா. அது வேற."

"பத்து வருஷமா இதை முழுசா படிச்சதே இல்லையா?" என்றாள் மனைவி. நம் ஆள் பாட்டிலை வாங்கி மூடினார். ஜீன் ஏதோ வாயை மூடிக்கொண்டது.

உங்கள் உறவிலும் இப்படி ஒருவர் உண்டல்லவா? முதல் பத்தியிலேயே அவர் முகம் தெரிந்து, மீதியைப் படிக்காமல் இதை அவருக்கு அனுப்பிவிட்டீர்களா? நல்லது. அவர் இதே நேரத்தில் உங்களுக்கு அனுப்பியிருப்பார், பாருங்கள்.