பொற்கால முட்டையும் ஏழு நாள் சலுகையும்

முருங்கை மரத்துக்குக் கிழக்கே, துவைக்கிற கல்லுக்கு மேற்கே, புழக்கடை என்றொரு நாடு இருந்தது. நான்கு பக்கமும் வேலி. வேலிக்கு அப்பால் உலகமே இல்லை என்று அந்நாட்டுக் குஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குடிமக்கள் முப்பத்தொரு கோழிகள், ஒன்பது வாத்துகள். செங்கொண்டையார் என்னும் சேவல் அரசாண்டார்.

தானாக முடிசூட்டிக்கொண்டவர் என்று அவரைத் தவறாக எண்ணிவிட வேண்டாம். முறைப்படி தேர்தல் நடந்தது. கூண்டுக்குள் உயரே கட்டிய கம்பில் யார் ஏறி நிற்கிறார்களோ அவர்களுடைய வாக்கு எண்ணப்படும். வாத்துக்குக் கம்பில் ஏற வராது. "வாத்துகளின் வாக்குரிமையை நாங்களா பறித்தோம்? கம்பு அதே இடத்தில்தானே இருக்கிறது" என்று அமைச்சர் வெண்புள்ளியார் கேட்பார். அவர் ஒரு கின்னிக்கோழி. அவர் தொண்டைக்கு எதிரே நின்று வாதம் செய்ய யாருக்கும் தெம்பு கிடையாது.

செங்கொண்டையார் வென்றது ஒரு முட்டையால். கூண்டின் நடுவில் ஒரு கூடை; கூடையில் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை. "இது பொரிக்கும் நாளில் பொற்காலம் பிறக்கும்" என்று வாக்குறுதி தந்திருந்தார். கோழிகள் முறைவைத்து அதன்மேல் உட்கார வேண்டும். மூன்று வருடமாக உட்காருகிறார்கள். கோழிகள் கண்ட இடத்தில் முட்டையிடாமல் இருக்க வீட்டுக்காரர்கள் கூடையில் போட்டுவைத்த பளிங்குக் கல் அது. ஒருமுறை உட்கார்ந்த கோழிக்கே இது தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்வதுதான் குற்றம்.

பூரணிக்கும் தெரியும். சாம்பல் நிறக் கோழி, அடைகாப்பதில் கைதேர்ந்தவள், வாயைத் திறக்காதவள். அவளுக்கு ஒரே ஒரு சிநேகிதி. குளத்தம்மாள் என்கிற வாத்து.

வாத்தும் கோழியும் ஒரே இடத்தில் வாழ்ந்தால் சச்சரவு வராமல் இருக்காது. வாத்துகள் தண்ணீரைக் கண்டால் தலைகீழாக நிற்கும்; தொட்டியைச் சுற்றிச் சேறாகும்; சேற்றில் நின்று கோழிகளுக்குக் கால் நோகும். கோழிகளின் புகாரிலும் நியாயம் இருந்தது. தொட்டியைக் கொஞ்சம் தள்ளிவைத்திருந்தால் முடிந்திருக்கும். அரசு அப்படிச் சுலபமாக எதையும் முடிப்பதில்லை.

"இன்றுமுதல் தொட்டி கிடையாது; எல்லோருக்கும் சமமாக, கொட்டாங்கச்சியில் தண்ணீர்" என்று முதல் ஆணை வந்தது. வாத்துகளால் மூக்கை நனைக்க முடியவில்லை; கண்ணில் பீளை கட்டியது. கொட்டாங்கச்சி பத்து மணிக்கே காய்ந்துபோனதால் கோழிகளும் நாக்கு வறண்டு கிடந்தன. ஆனாலும் வாத்துகளின் கொட்டம் அடங்கியதில் கோழிகளுக்கு ஒரு திருப்தி. தாகம் எடுத்தபோதெல்லாம் அந்தத் திருப்தியை நினைத்துக்கொண்டன.

இரண்டாவது ஆணைதான் பூரணியை நேராகத் தாக்கியது.

வாத்துகள் முட்டையிடுமே தவிர, உட்கார்ந்து அடைகாக்கும் பொறுமை அவற்றுக்கு இல்லை. அதனால் வாத்து முட்டையைக் கோழிதான் அடைகாத்துக் கொடுக்கும். எவரும் எழுதிவைக்காத வழக்கம். அந்த வழக்கப்படி குளத்தம்மாளின் எட்டு முட்டைகள்மேல் பூரணி உட்கார்ந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அப்போதுதான் அமைச்சர் துவைக்கிற கல்மேல் ஏறிக் கூவினார்.

"கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரிக்கிறது. வாத்து முட்டை இருபத்தெட்டு நாள் எடுத்துக்கொள்கிறது. இந்த ஏழு நாள் சலுகை எதற்காக? யார் கொடுத்தது? நமது ஆட்சியில் எவருக்கும் தனிச்சலுகை இல்லை. இருபத்தொரு நாளில் பொரிக்காத முட்டை, கூமுட்டை என்று கருதப்பட்டுக் குப்பைக் குழியில் உருட்டப்படும்."

கோழிகள் இறக்கையைத் தட்டி ஆரவாரம் செய்தன. பூரணி வயிற்றுக்கடியில் கவனித்தாள். ஒரு முட்டைக்குள் லேசாக ஏதோ புரண்டது. இதையா குழியில் உருட்டுவது? அன்று மாலையே, குளத்தம்மாளைக் காவலுக்கு வைத்துவிட்டு அமைச்சரைப் பார்க்கக் கிளம்பினாள்.

"எனக்கு உக்காரத் தெரியாதேடி பூரணி" என்று குளத்தம்மாள் பதறினாள்.

"என்னக்கா பெரிய வித்தை? காலை மடக்கு, வாயை மூடு. நான் வர்ற வரைக்கும் ரெண்டையும் செஞ்சா போதும்."

வெண்புள்ளியார் கூண்டுக்குள் தவிட்டைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உள்ள குஞ்சு உசுரோட அசையுதுங்க. இன்னும் ஒம்பது நாளு தள்ளிப்போட்டா போதும்."

"அசைவதற்கும் பொரிப்பதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு, அம்மணி."

"வாத்து முட்டைன்னா அவ்வளவு நாளு ஆகத்தானேங்க செய்யும்?"

"அந்தப் பழக்கத்தைத்தான் மாற்றப்போகிறோம். கண்டிப்பு காட்டினால் முட்டைகளும் திருந்தும்."

பூரணி திரும்பிப் போக எத்தனித்தாள். அப்போதுதான் கூடையில் பளபளத்த பொற்கால முட்டை அவள் கண்ணில் பட்டது.

"ஐயா, ஒரு சந்தேகம். இது மூணு வருசமா இருக்கே. இதுக்கும் இருபத்தொரு நாள்தானுங்களா?"

வெண்புள்ளியாரின் கழுத்து ஒருமுறை நீண்டு சுருங்கியது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் சட்டத்துக்கு அவசரமாக ஒரு திருத்தம் வந்தது: பொற்காலக் கூடைக்குள் இருப்பவற்றுக்குக் காலக்கெடு கிடையாது, கூடைக்குள் அலகை நீட்டிச் சோதிப்பது ராஜத் துரோகம்.

திருத்தத்தைக் கேட்டதும் பூரணி குளத்தம்மாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கூடையில முறைக்கு உக்கார ஆளு கேக்குறாங்கல்ல? நான் போறேன்."

"உனக்குப் பைத்தியமாடி? இங்க இருக்கற எட்டும் என்னாகும்?"

"அதுங்களும் என்கூட வரும்."

அன்று மதியம் செங்கொண்டையாரின் உரை. அடைகாப்பவர்களும் வாத்துகளும் தவிர எல்லோரும் வந்தாக வேண்டும். (வாத்துகளுக்குக் கேள்வி ஞானம் போதாது என்று விலக்கு.) கோழி அலகால் உருட்ட, வாத்து நெஞ்சால் முட்டுக்கொடுக்க, ஒவ்வொரு முட்டையாகக் கூண்டு போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது முட்டை ஒரு கல்லில் இடித்து நின்றபோது குளத்தம்மாள் அதைச் சுற்றிச் சுற்றிக் கீறல் தேடினாள். வேறு அரசராக இருந்திருந்தால் அதற்குள் உரையை முடித்திருப்பார். இவர் நீட்டி முழக்கியதால்தான் எட்டும் தப்பின.

தானாக முன்வந்த முதல் கோழி என்று அமைச்சர் பூரணியைப் பாராட்டினார். இருபத்தோராம் நாள் அவளுடைய பழைய இடத்தைப் போய்ப் பார்த்தார், முட்டைகளைக் காணவில்லை. "கூமுட்டை ஒழிப்பு, நூற்றுக்கு நூறு வெற்றி" என்று அறிவித்தார்.

பூரணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எட்டு முட்டைகள் சூடாக, நடுவில் அந்தக் கல் மட்டும் சில்லென்று. எவ்வளவு சூடு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு மறுபடி குளிர்ந்துபோகும். எரிச்சலாக வந்தது அவளுக்கு. குளத்தம்மாள் தினமும் நத்தை கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போனாள்.

"எப்படிடி இருக்கு?"

"ஒரு மூணு பேரு உள்ளேயிருந்து தட்டறாங்க. ஒருத்தரு மட்டும் மூணு வருசமா தூங்கறாரு."

இருபத்தெட்டாம் நாள் காலையில் ஓடுகள் விரிசல் விட்டன. மஞ்சள் மஞ்சளாக எட்டுக் குஞ்சுகள் இறகுக்கடியிலிருந்து தலைநீட்டின. முறை மாற்ற வந்த வெண்புள்ளியார் அலறிய அலறலில் நாடே திரண்டுவிட்டது. செங்கொண்டையார் கோழிகளை விலக்கிக்கொண்டு வந்தார்.

எட்டுத் தட்டை அலகுகள் அவரை நிமிர்ந்து பார்த்தன. கூட்டத்தின் ஓரத்தில் குளத்தம்மாள் நின்றாள். குழி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. பூரணி செட்டையை விரித்துக் குஞ்சுகளை அணைத்துக்கொண்டாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"மகாராசா, பொற்கால முட்டை பொரிச்சிடுச்சுங்க."

செங்கொண்டையார் குஞ்சுகளைப் பார்த்தார். குடிமக்களைப் பார்த்தார். வாத்துக் குஞ்சு என்று ஒப்புக்கொண்டால், பொற்கால முட்டை ஏன் பொரிக்கவில்லை என்ற கேள்வி வரும்; மூன்று வருடமாக நாட்டையே கல்மேல் உட்காரவைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். கொண்டையைச் சிலுப்பினார்.

"எனக்கு இது முன்பே தெரியும்."

"அரசே, அலகு சற்றுத் தட்டையாக..." என்று இழுத்தார் வெண்புள்ளியார்.

"பொற்காலத்துக் கோழிகளின் அலகு அப்படித்தான் இருக்கும்."

"காலில் ஏதோ தோல்கூட..."

"வளர்ச்சி."

அன்றே அவை அரசக் கோழிக் குஞ்சுகள் என்று அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு முடிவதற்குள் அந்த 'அரசக் கோழிக் குஞ்சுகளில்' இரண்டு கொட்டாங்கச்சியில் இறங்கி நீந்தப் பார்த்தன. அரசக் குஞ்சுகள் விரும்புகின்றன என்பதால் பெரிய தொட்டி திரும்ப வந்தது. சேறு ஆகாமல் இருக்கத் தள்ளியே வைத்தார்கள். நீச்சல் பழக்க ஆள் வேண்டுமென்று வாத்துகளைப் பணியில் அமர்த்தினார்கள். முதல் ஆளாகத் தொட்டியில் குதித்தாள் குளத்தம்மாள். பெற்ற பிள்ளைகளுக்குப் பணியாள் என்று பேர். அவள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. எட்டையும் முதுகுக்குப் பின்னால் வரிசைகட்டி இழுத்துக்கொண்டு போனாள். கரையில் நின்ற பூரணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கூடையில் எட்டு முட்டைகளின் ஓடுகள் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே பொற்கால முட்டை, ஒரு கீறல்கூட இல்லாமல், வெள்ளை வெளேரென்று இருந்தது. முப்பத்தொரு கோழிகளும் அதைப் பார்த்தன. பார்த்துவிட்டு ஆளுக்கொரு திசையில் மண்ணைக் கிளறப் போயின.

வெண்புள்ளியார் தொண்டையைச் செருமினார். "பொற்காலத்தின் முதற்கட்டம் நிறைவேறியது. இரண்டாம் கட்டத்துக்கு உட்கார யார் முன்வருகிறீர்கள்?"

வழக்கம்போல ஒரு தலையும் நிமிரவில்லை. பூரணி தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குளத்தம்மாள் நீந்திக்கொண்டே அலகால் வைக்கோல் போரைக் காட்டினாள். போருக்குப் பின்னால், நேற்றும் முந்தாநாளும் மற்ற வாத்துகள் இட்ட முட்டைகள் பதினொன்று ஒளிந்திருந்தன.

"நானே உக்காருறேங்க ஐயா" என்றாள் பூரணி. "ஆனா மகாராசா மதியம் பேசணும். கொஞ்சம் நீளமாவே பேசச் சொல்லுங்க."