மூன்று வாத்தியார், ஒரு தொண்டை

வரன் தேடும் இணையதளங்களில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விடும் தைரியம் எந்தத் தகப்பனுக்கும் கிடையாது. என் அப்பா அதில் ‘பாடுதல்’ என்று நிரப்பியிருந்தார். நான் பாடி அவர் கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டதில்லை. “பின்ன, தூங்கறதுன்னா போடறது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஆனால் பழியை அவர் தலையில் கட்டிவிட்டு நான் நழுவ முடியாது. துடியலூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று உண்மையைச் சொல்ல எனக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. பெண் பெயர் கிருத்திகா, பல் டாக்டர். பெரியவர்கள் எங்கள் இருவரையும் பேசிக்கொள்ளச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள்.

“பாடுவீங்கன்னு போட்டிருந்துதுங்களே?” என்றாள்.

பார்த்த ஐந்தாவது நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. அவளுக்கு என்னைப் பிடிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

“கத்துக்கிட்டு இருக்கறேனுங்க.”

“எத்தன வருசமாங்க?”

“நாலு வருசமாங்க.”

(நாலு! ஒரு மாசம் என்று சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம்.)

கீழே இறங்குவதற்குள் செய்தி அவள் அப்பாவுக்குப் போய்விட்டது. “அப்ப நிச்சயத்தன்னிக்குத் தட்டு மாத்தறதுக்கு முன்னால ஒரு பாட்டுப் பாடிருங்க மாப்ள. சனமெல்லாம் கேக்கட்டும்” என்றார். நான் பழக்க தோஷத்தில் “சரிங்க மாமா” என்றேன். நிச்சயத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் சந்திப்பிலேயே புளுகியவன் என்பது அம்பலமாகிவிடும், கிருத்திகா கைவிட்டுப் போய்விடுவாள்.

முதலில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பாட்டு டீச்சரிடம் போனேன். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, “வாயை நல்லாத் தொறந்து, அடிவயித்துல இருந்து ‘ஆ’ன்னு வரணும். கை தொடையில தாளம் போட்டுட்டே இருக்கணும்” என்றார். ஒரு முழுப் பாட்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்று பவ்யமாகக் கேட்டேன். “ஒரு ரெண்டு வருசம் பொறுங்க தம்பி.”

ரெண்டு வருஷத்துக்கு நான் எங்கே போக? டீச்சரையும் விடாமல், அன்றைக்கே போனில் ஒரு ஆன்லைன் பயிற்சியிலும் சேர்ந்தேன். பெங்களூரிலிருந்து ஒரு பெண் சொல்லிக்கொடுத்தார். அவர் வழி தலைகீழ். அடிவயிறு, அழுத்தம் எதுவும் கூடாது, குரல் காற்றில் மிதக்க வேண்டும். அதற்கு முதலில் உதட்டைத் தளரவிட்டு, சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டுவதுபோல் ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிட வேண்டும். பிறகு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு ஊதிக் குமிழி விட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொள்வதும் உண்டு. பாடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் இதைச் செய்யாதவன் பாடவே தகுதியில்லாதவன் என்று அவர் கட்சி.

இதற்கிடையில் எங்கள் கம்பெனியில் ஒருவர் சூலூரில் ஒரு அண்ணனைக் கைகாட்டினார். பகலில் விசைத்தறி, சாயங்காலம் கச்சேரி மேடை. தறி ஓடும்போதே பாடச் சொல்லிக் கொடுப்பார். “தறிச் சத்தத்துக்கு மேல கேட்டாத்தான் கண்ணு அது பாட்டு. மைக்க ஒதட்டோட ஒட்ட வெச்சுக்கோணும். மேல போறப்ப மட்டும் தூரமாத் தள்ளிப் புடிச்சுப்போடு. புருவத்துல உணர்ச்சி இருக்கோணும், ஆமா!”

எந்த வாத்தியாரிடமும் மற்ற இருவரைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில், “சரிங்க.” சூலூர் போய்வந்த மறுநாள் ஆர்.எஸ்.புரத்தில் வாயைத் திறந்தபோது டீச்சர் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு, “தம்பி, நான் பக்கத்துலதானுங்க உக்காந்திருக்கறேன்” என்றார்.

நான் பம்ப் கம்பெனியில் அசெம்ப்ளி பகுதி சூப்பர்வைசர். எங்கள் ஊரில் ஒரு பம்ப் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அடுத்து நான் செய்த கிறுக்குத்தனம் விளங்கும். உடம்பு ஒரு ஃபவுண்டரியில் வார்த்து வரும். ஷாஃப்ட் வேறொரு பட்டறையில் கடைசல் ஆகும். காயில் சுற்றுவது இன்னொருவர் வீட்டில். மூன்றையும் வாங்கி நாங்கள் பூட்டி முடுக்கினால், ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து தண்ணீர் மேலே வந்துவிடும். பாட்டுக்கும் அதே கதைதான் என்று முடிவு கட்டினேன். மூச்சு ஆர்.எஸ்.புரம், உதடு பெங்களூர், மைக்கும் புருவமும் சூலூர். முருகன் மேல் ஒரு சின்னப் பாட்டை எடுத்து, எந்த வரிக்கு எந்த வாத்தியார் என்று மூன்று கலரில் குறித்தும் வைத்துக்கொண்டேன். பம்புக்கு மூன்று பட்டறையும் ஒரே டிராயிங்கைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை.

நிச்சயம் துடியலூரில் ஒரு மண்டபத்தில். முந்நூறு பேர். தட்டு மாற்றப் பத்து நிமிடம் இருக்கும்போது, சாப்பாட்டு ஹாலுக்குப் பின்னால் கை கழுவும் இடத்துக்கு நைசாக நழுவினேன். ஸ்ட்ரா கையோடு கொண்டு போயிருந்தேன். டம்ளரில் பிடிக்கலாம் என்றால் குழாயில் தண்ணீர் நின்றிருந்தது. பந்தியில் வைக்க ஊற்றி வைத்திருந்த மோர்தான் கிடைத்தது. திரவம் எல்லாம் திரவம்தானே என்று அதில் ஊதினேன். நன்றாகவே குமிழி வந்தது. பதற்றத்தில் வாயெல்லாம் நுரை. நேரம் ஆகிவிட்டதே என்று மூன்று பயிற்சியையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தேன். கண்ணை மூடி, முழங்காலை மடக்கி, தலையை ஆட்டி, உதட்டில் ‘ப்ர்ர்ர்’, வலது கை தொடையில் படபடவென்று தாளம், புருவம் இரண்டும் நெற்றியில் ஏறி இறங்கின.

வெற்றிலை துப்ப வந்த கிருத்திகாவின் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார்.

“ஐயோ, ஓடியாங்க! மாப்பளைக்கு வலிப்பு வந்துருச்சுங்க!”

நான் கண்ணைத் திறப்பதற்குள் நாலு பேர் என்னைத் தரையில் சாய்த்துவிட்டார்கள். “இரும்பு குடுங்க, இரும்பு!” என்று ஒரு குரல். அடுத்த நிமிடம் பீரோச் சாவி, புல்லட் சாவி, குடோன் ஷட்டர் சாவி, டிராக்டர் சாவி என்று என் இரண்டு கையும் நிறைந்துவிட்டது. (வலிப்புக்கும் சாவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர்கள் எத்தனை முறை சொன்னாலும் எங்கள் சனம் இதை விடுவதாக இல்லை.)

“ஒண்ணுமில்லைங்க, பாட்டுப் பயிற்சிங்க!” என்று கத்தினேன்.

“பாடறவனுக்கு வாயில நொர தள்ளுமாக்கும்?” என்றார் பெரியப்பா. “பாவம், வலிப்பு வந்தவங்களுக்கு வந்ததே தெரியாதுங்க.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிருத்திகா வந்தாள், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக. பக்கத்தில் குந்தி, போன் டார்ச்சை அடித்து, “ஆ காட்டுங்க” என்றாள். காட்டினேன். நாடி பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். கடைசியில் என் மோவாயை விரலால் வழித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “அப்பா, இது மோருங்க” என்றாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. நோயை மறைத்துப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஒரு வரிசை, அப்பவே முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன் என்று ஒரு வரிசை. என் அம்மா அழத் தொடங்கிவிட்டார். தட்டு மாற்றவிருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். மாமா என் தோளைப் பிடித்து, “மாப்ள, ஒரே ஒரு பாட்டுப் பாடிக் காட்டிப்போடுங்க. எல்லாஞ் செரியாயிரும்” என்றார்.

மேடை ஏறினேன். முதல் வரி சிவப்புக் கலர், ஆர்.எஸ்.புரம். அடிவயிற்றிலிருந்து முழுமூச்சில் ‘ஆ’ என்று எடுத்தேன். ஆனால் கை சூலூரில் இருந்தது, மைக் உதட்டோடு ஒட்டியிருந்தது. ஸ்பீக்கர் வீறிட்டது. முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் மூன்றும் ஒரே சுருதியில் அழுதன. பயந்துபோய் இரண்டாம் வரிக்குப் பெங்களூரைப் பிடித்தேன். அழுத்தாமல் மிதக்கவிட்டேன். மிதந்த குரல் எங்கே போனதோ, எனக்கே கேட்கவில்லை. அதே நேரம் மேல் ஸ்தாயி வந்துவிட்டதால் மைக்கைத் தூரமாகத் தள்ளிப் பிடித்தேன். மண்டபத்தில் மயான அமைதி. அதில் நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, தொடையில் அடித்து, புருவத்தை ஏற்றி நின்றேன்.

“மறுபடியும் வந்துருச்சு! சாவி, சாவி!”

மைக்கைக் கீழே வைத்தேன். இதற்கு மேல் கெட ஒன்றும் இல்லை என்ற நிலையில் மனிதனுக்கு உண்மை சுலபமாக வந்துவிடுகிறது. கிருத்திகாவைப் பார்த்துச் சொன்னேன்.

“எனக்குப் பாட வராதுங்க. நாலு வருசம்னது பொய்யுங்க. ஆறு வாரமா மூணு பேருகிட்டப் போய், ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தருகிட்டக் கத்துக்கிட்டேன். உங்களுக்கு என்னையப் புடிக்கோணும்னு சொல்லிப்போட்டேனுங்க.”

“மூணு பேரா?” என்றாள். “யாராருங்க?”

சொன்னேன். தறி, ஸ்ட்ரா, சுருதிப் பெட்டி, மூன்று கலர் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவள் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தலையைக் குனிந்திருந்ததால் அழுகிறாள் என்றே நினைத்தேன். நிமிர்ந்தபோது கண் மை கன்னம் வரை ஓடியிருந்தது, சிரித்து.

“அப்பா, தட்ட மாத்துங்க. ஒரே ஒரு பொய் சொல்லிப்போட்டு இந்தப் பாடு படறவரு, சென்மத்துக்கும் இன்னொண்ணு சொல்ல மாட்டாருங்க.”

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்தார். எனக்கு அப்போது வந்த அழுகையைப் பார்த்துப் பெரியப்பா மறுபடி சட்டைப் பையில் கைவிட்டார். நல்லவேளை, யாரோ அவரைத் தடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு ஒரே வாத்தியார், ஆர்.எஸ்.புரம் டீச்சர்தான். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுச் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கீர்த்தனைக்குப் போய்விட்டார்கள், நான் இன்னும் ஆரம்பப் பாடமான ஸரிகம வரிசைகளிலேயே நிற்கிறேன். ஆனால் சுருதி ஓரளவு நிற்கிறது என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். அந்தத் தெம்பில் மாமனார் வீட்டுக்குப் போகும்போது குளியலறையில் கொஞ்சம் வாய்விட்டுப் பாடுவேன். இரண்டு வரி தாண்டாது, கதவு தட்டப்படும். வெளியிலிருந்து மாமா அக்கறையாகக் கேட்பார்.

“மாப்ள, பாடிட்டுத்தான இருக்கறீங்க? இல்லைன்னாச் சொல்லிப்போடுங்க, கதவ ஒடச்சுட்டு வாரோம்.”