நொட்டையாரும் யூவி பதினொன்றும்

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு நொட்டையார் என்று பெயர். யார் என்ன விண்ணப்பம் நீட்டினாலும், பணம் கொடுக்க முடியாததற்கு ஒரு நொட்டை கண்டுபிடித்துவிடுவார். திட்டுவதற்காக வைத்த பெயர்தான். அவரோ பட்டம் கிடைத்த மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

அலுவலகத்தில் செல்லுபடியாகிற வித்தை வீட்டில் மட்டும் செல்லாதா என்ன?

மனைவி தையல்காரி. மொட்டை மாடிக்கு நேர் கீழே அவளுடைய தையல் அறை. மதியமானால் அங்கே இஸ்திரிப் பெட்டியே வேண்டாம், துணியை விரித்து வைத்தால் போதும். பாவம், முந்தானையால் விசிறிக்கொண்டே மிஷினை மிதிப்பாள். மாடித் தரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் சூடு குறையும். பெயின்ட் டப்பா வந்து மாதக்கணக்காகிறது. அடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமையானால் சோபாவோடு ஒட்டிக்கொள்வார்.

"என்னங்க, இன்னிக்காவது மாடிக்குப் போறீங்களா?"

நொட்டையார் கைப்பேசியை நீட்டினார். "யூவி இண்டெக்ஸ் பதினொண்ணு!"

"அது என்ன கண்றாவி?"

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தார்! நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெயில் எவ்வளவு சுடுதுங்கிறது வேற. தோலை எவ்வளவு கெடுக்கும்னு சொல்றது இது. ரெண்டு வரைக்கும் பயமில்லை. மூணுல இருந்து தொப்பி, நிழல் எல்லாம் பார்க்கணும். எட்டுன்னா ரொம்ப ஜாஸ்தி. பதினொண்ணுன்னா, புருஷன் வேணும்கிறவ வீட்டுக்குள்ளேயே வெச்சுக்கணும்."

அடுத்த ஞாயிறு மேகம் கவிந்திருந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"இன்னிக்குத்தான் வெயிலே இல்லையே!"

"அட என்னம்மா நீ! மேகத்துக்குள்ள புகுந்து வரும் அது. ஏழு காட்டுது பாரு."

அவள் தையல் அறைக்குப் போய்விட்டாள். நொட்டையாருக்குப் பெருமை பிடிபடவில்லை. கட்டின மனைவியிடமே ஜெயித்துவிட்டாரே!

மறுநாள் சாயங்காலம் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு ஒரு உடுப்பு தைக்கலாம்னு பார்க்கறேன். இந்த விஷயத்துல உங்களை விட்டா யாரு இருக்கா?"

உச்சி குளிர்ந்துவிட்டது அவருக்கு. "நெருக்கமா நெய்த துணியா எடு. வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டை தெரியக் கூடாது. முழுக்கை வேணும். காத்துப் போகத் தொளதொளன்னு இருக்கணும்."

"யாருக்காவது போட்டுப் பார்க்கணுமே..."

"நான் எதுக்கு இருக்கேன்?" தானாகவே இரண்டு கையையும் விரித்து நின்றார்.

உடுப்பு வந்தது. நொட்டை சொல்லக் கேட்கவா வேண்டும்? காது தெரிகிறது என்றார். தொப்பியின் விளிம்பு அகலமாயிற்று. பிடரி என்றார், பின்னால் ஒரு துணி தொங்கிற்று. புறங்கை என்றார், கையுறை வந்தது.

"இன்னொண்ணு விட்டுட்டியே! வெள்ளைத் தரையில நின்னா வெயில் கீழே இருந்து திருப்பி அடிக்கும். தாடை என்ன ஆகறது?"

"அப்படியா!" என்று கண்ணை விரித்தவள், தாடைக்கும் ஒரு பட்டை வைத்தாள்.

"துணி மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசணும்."

அதுவும் வாங்கி வைத்தாள். சனிக்கிழமை கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"இப்ப ஏதாவது குறை இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை. பதினொண்ணு என்ன, பதினஞ்சே அடிச்சாலும் இதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. கையெழுத்தே போட்டுத் தரேன்!"

எப்பேர்ப்பட்ட கைவேலை! மனைவியை நினைக்கப் பெருமையாக இருந்தது. அதிலும் மூளை யாருடையது? அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் போர்வை பறந்தது.

"எழுந்திருங்க. பெயின்ட் கலக்கி மாடியில வெச்சாச்சு."

கதவில் அந்த உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. "ஏம்மா, இது... விக்கிறதுக்கு இல்லையா?"

"உங்க தொப்பைக்கு அளவெடுத்துத் தைச்சதை வேற யாருக்குங்க விக்கிறது?"

நொட்டையார் கண்ணைக் கசக்கிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தார். முகத்தில் களை வந்துவிட்டது. அவரிடமா!

"மாட்டிக்கிட்டியா! இப்ப இண்டெக்ஸ் பூஜ்யம். காலங்கார்த்தால இந்த உடுப்பே தேவையில்லை. இதுகூடத் தெரியாம இத்தனை நாள் தைச்சு வீணாக்கிட்டியே!"

"தெரியுமேங்க." பிரஷ்ஷை அவர் கையில் திணித்தாள். "இப்ப பனியனோடவே அடிங்க. கொஞ்ச நேரத்துல யூவி ஏறிடுச்சுன்னு கீழே இறங்கி வருவீங்க பாருங்க, அதுக்குத்தான் உடுப்பு."