நாலு ஜிபி கெட்டி மேளம்

ரூபினியின் கழுத்தில் அட்டிகை கொஞ்சம் கோணிக்கொண்டது. அலங்காரம் செய்ய வந்திருந்த நளினி அதைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். உடனே கூலிமில் இருந்த அந்த டேவான் மண்டபமே அதிரும்படி கெட்டி மேளம் முழங்கிற்று.

மாப்பிள்ளை இன்னும் மேடைக்கே வரவில்லை. வாசலில் மைத்துனன் அவன் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆனால், கெட்டி மேளம் கேட்டால் நம்மவர்களுக்குக் கை தானாக எழும். கைப்பேசியில் மூழ்கியிருந்த கூட்டம் தலையைத் தூக்காமலே அட்சதையை அள்ளி வீசியது. நளினி வாயிலும் மூக்கிலும் மஞ்சள் அரிசியோடு நின்றாள்.

முன்வரிசையில் பெண்ணின் சித்தப்பா மனோகரன், கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தார். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளையின் பெரியப்பா முத்துக்குமாரு. அலோர் ஸ்டாரில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"என்ன தம்பி, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கிடக்கே?"

"டெஸ்டிங் அங்கிள்" என்றார் மனோகரன். "பாத்தீங்களா, எவ்வளவு ஷார்ப்பா வேலை செய்யுது!"

மனோகரன் கூலிமில் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். அது சம்பளத்துக்கு. உயிர் இருந்தது, உள்ளங்கையில் அடங்கும் மலிவுக் கணினிப் பலகைகளில். அவற்றைப் பற்றி அவருக்கு இல்லாத கருத்தில்லை. நாலு ஜிபி நினைவகம் போதும், எட்டு ஜிபி வீண் ஜம்பம். அதைவிட மலிவான பலகை வாங்குவது, பெற்றோர் இல்லாத பிள்ளையைத் தத்தெடுப்பது மாதிரி. பின்னால் மென்பொருள் கொடுக்க நாதியிருக்காது. கைப்பேசி சார்ஜரில் பலகையை ஓட்டுகிறவன் பாலுக்குப் பதில் பாண்டான் இலைத் தண்ணீரில் பிள்ளை வளர்க்கிறவன். இத்தனை கருத்துக்கும் வீட்டில் விளைந்த பயன் ஒன்றே ஒன்று: சாமி மேடை விளக்கைக் கைப்பேசியால் ஏற்றலாம். அவர் மனைவி வாசுகி அதைச் சுவிட்சில் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

முத்துக்குமாருவும் அதே பைத்தியம்தான். இருவரும் ஒரே டெலிகிராம் குழுவில் எட்டா, நாலா என்று புனைபெயரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள். நிச்சயதார்த்தத்தன்று கேசரி சாப்பிடும்போதுதான் எதிரி யார் என்று இருவருக்கும் தெரிந்தது. அந்த வேகத்தில்தான் மனோகரன், "மேளக்காரங்களே வேணாம். என் போர்டு பாத்துக்கும்" என்று சபையில் சொல்லிவிட்டார். அண்ணன் ராமையாவும் தம்பியை நம்பி மேளத்தை ரத்து செய்துவிட்டார்.

திட்டம் என்னவோ அழகானதுதான். டேவானின் ஒலிபெருக்கி அறை மேடைக்குப் பக்கவாட்டில் இருந்தது. அதன் சின்னக் கண்ணாடி வழியே முன்வரிசை நாற்காலிகள் தெரியும், மேடை தெரியாது; கதவைச் சாத்தினால் வெளிச் சத்தமும் கேட்காது. "மனுஷனால முடியாதது இங்கதான் இருக்கு" என்றார் மனோகரன். மணவறைத் தூணில் ஒரு குட்டிக் கேமரா. மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போனால் அது பார்க்கும். அறையில் உள்ள பலகைக்குச் சொல்லும். பலகை மேளத்தை முழக்கும்.

"யார் கழுத்து, யார் கை எண்டு உதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அன்றே முத்துக்குமாரு கேட்டார். "எட்டு ஜிபி எண்டால் முகம் பார்த்துச் சொல்லும்."

அந்தக் கேள்விக்குத்தான் இப்போது நளினி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வந்து மணவறையில் உட்கார்ந்தான். மனோகரன் கேமராவின் கூர்மையைக் குறைக்க முடிவு செய்தார். டேவானில் வைஃபை ஆளுயரத்துக்கு மேல்தான் கிடைத்தது. ஆகவே எழுந்து நின்று, கைப்பேசியை உயரத் தூக்கி, அண்ணாந்து பார்த்தபடி விரலால் தள்ளினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

அதே நேரம் புகைப்படக்காரர் சத்தியசீலன் மணவறை முன்னால் குனிந்து, கழுத்தில் மாட்டியிருந்த கேமரா வாரைச் சரிசெய்தார்.

கெட்டி மேளம்!

இரண்டாம் தவணை அட்சதை முழுவதும் சத்தியசீலனின் லென்ஸில் விழுந்தது.

"அலாமா!" என்று அவர் கத்தினார். "அண்ணே, எனக்கு ரெண்டு புள்ள இருக்குலா! யாரு கூட கட்டி வைக்கிறீங்க?"

மேடையில் பெண்களோடு நின்றிருந்த வாசுகி, கணவனைப் பார்த்துக் கையைக் கீழே கீழே என்று ஆட்டினாள். கூர்மையை இன்னும் குறைக்கச் சொல்கிறாள் என்று மனோகரனுக்குப் பட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தன் துறையில் அக்கறை காட்டுகிறாள்! நெகிழ்ந்துபோனார். ஆனாலும் குறைத்துப் பயனில்லை. பலகையை அணைத்து மறுபடி உயிர்ப்பிப்பதுதான் முறை. எல்லாக் கணினி நோய்க்கும் உலகம் ஒப்புக்கொண்ட மருந்து அது.

இதற்குள் மரியாதை செய்யும் நேரம் வந்துவிட்டது. முத்துக்குமாருவை மேடைக்கு அழைத்தார்கள். ராமையா ஆளுயர மாலையை எடுத்துச் சம்பந்தி வீட்டுப் பெரியவரின் கழுத்தில் போட நெருங்கினார். கீழே மனோகரன் நாற்காலி மேலேயே ஏறி, கைப்பேசியைத் தூக்கி, மறுதொடக்கத்தை அழுத்தினார்.

மாலை கழுத்தில் விழுந்தது. கெட்டி மேளம்!

பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் எதிரெதிரே நிற்க, மிச்சமிருந்த அட்சதையெல்லாம் அவர்கள் தலையில் கொட்டியது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

முத்துக்குமாரு நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "ராமையா, எனக்கு ஏற்கெனவே கலியாணம் முடிஞ்சுது. அங்கை கீழை இருந்து திலகம் பாத்துக்கொண்டிருக்கிறா."

சிரிப்பு அடங்கவில்லை. ராமையா மட்டும் சிரிக்கவில்லை. மேடையோரத்துக்கு வந்து, குனிந்து, பல்லைக் கடித்தார்.

"டேய், இதோட மூணு. கண்டவனுக்கெல்லாம் கெட்டி மேளம் போட்டாச்சு. என் புள்ளைக்குத் தாலி ஏறுறப்ப மட்டும் சத்தம் வரல, உன் வாசல்ல நான் கால வைக்க மாட்டேன். என் சாவுக்கும் நீ வராத."

அண்ணன் சொன்னால் செய்கிறவர். மேளமில்லாமல் தாலி ஏறினால், ரூபினிக்கு நாளை ஒரு தலைவலி வந்தாலும் ஊர் இதைத்தான் காரணம் சொல்லும். மனோகரன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் திணித்தார். இனி தொடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவனிடம் முதல் தடவையாக எந்தத் தொழில்நுட்ப விளக்கமும் சேர்க்காமல் வேண்டினார்.

சமையற்கட்டிலிருந்து பிரியாணி அரிசியைத் தட்டில் கொண்டுவந்து அட்சதையாக விநியோகித்தார்கள்.

தாலித் தட்டு சுற்றி வந்தது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை ரூபினியின் கழுத்தருகே கொண்டுபோனான்.

"கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்றார் ஐயர்.

சத்தமில்லை. மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டது.

ஐயர் இன்னொரு முறை கத்தினார். மாப்பிள்ளையின் கைகள் அந்தரத்தில் நின்றன. ரூபினி நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"எட்டு எடுத்திருக்கலாம்" என்றார், மறுபடி பக்கத்து நாற்காலிக்கு வந்திருந்த முத்துக்குமாரு மெல்ல.

மனோகரன் தாங்க முடியாமல் துள்ளி எழுந்தார். கைப்பேசியை உருவி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஏந்தி, கோபுரத்தைப் பார்த்தவர் போல நின்றார்.

கெட்டி மேளம்! இதுவரை இல்லாத கம்பீரத்தோடு, மூன்று முடிச்சும் விழும்வரை நிற்காமல் முழங்கிற்று. பிரியாணி அரிசி வெள்ளையாய்ப் பொழிந்தது. ராமையா மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசுகி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பந்தியில் மனோகரன் இலை முன்னால் உட்கார்ந்தாரே தவிர, சூழ்ந்துகொண்ட கூட்டம் சாப்பிட விடவில்லை. ராமையா தானே வந்து பாயசம் ஊற்றினார். "கோவத்துல பேசிட்டேன்டா. மனசுல வச்சுக்காத."

"பரவால்லண்ணே. இது கத்துக்கிற போர்டு" என்றார் மனோகரன். "மொத மூணு தடவ தப்பு பண்ணுச்சு. அதுலேருந்து பாடம் படிச்சு, நாலாவது தடவ அடிச்சுது பாருங்க! நாலு ஜிபிக்குள்ள இவ்வளவு அறிவு!"

எதிர் இலையில் முத்துக்குமாரு கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்து, டெலிகிராம் குழுவில் தட்டினார். படித்தும் காட்டினார்: "நண்பர்களே, நாலு ஜிபி போதும். நான் பிழை விட்டிட்டன்."

மனோகரனுக்கு எந்தப் பாயசமும் அதைவிட இனிக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத் தேதிகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பண்டார் பாருவிலிருந்து வந்த ஒருவர், காது குத்துக்கும் செய்வீர்களா என்று கேட்டார். "காதுக்கு வேற புரோகிராம் எழுதணும்" என்றார் மனோகரன் ஆழ்ந்த குரலில்.

அப்போது டேவானின் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் முருகையா, ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இலையோரம் வைத்தார். உள்ளே பலகை இருந்தது.

"இந்தாங்கண்ணே, உங்க பொட்டி. காலையில லைன் குடுத்தவொடனயே பொகை வந்து ரோசாக் ஆயி செத்துருச்சு. வாசுகி அக்காகிட்டச் சொன்னேன். 'அவருகிட்ட சொன்னா மனசு ஒடஞ்சிருவாரு. தாலி ஏறுறப்ப படம் புடிக்கப் போன தூக்குவாரு, அதப் பாத்து மேளத்த உங்க கேசட்டுல இருந்து போடுங்க'ன்னாங்க. கண்ணாடி வழியா உங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

முருகையா தலையைச் சொறிந்தார்.

"ஆமா, ஒரு தாலிக்கு எதுக்குண்ணே நாலு தடவ போன தூக்குனீங்க?"