மாமா ஓடிய நாற்பத்தேழு படங்கள்

நன்றாக வேலை செய்யும் பொருளைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். மிக்ஸி, மோட்டார், கடிகாரம் எதுவும் தப்பியதில்லை. ஆனால் ஆளையே சாய்த்தது கேமராதான்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் மாமாவின் சின்னப் பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த சீசனுக்கு மாமா புதிதாக ஒரு வாணவெடி செய்திருந்தார். எங்கள் ஊர்ப் பட்டாசுப் பெட்டிகளின் லேபிளில் பாப்பாவும் ரோஜாப்பூவும் சிரிக்கும். உள்ளே இருப்பது எப்படி வெடிக்கும் என்று தெரியாது. "வானத்துல வெடிக்கிற படத்தையே போடுவோம் மாமா" என்று அவர் மனதில் ஆசையை விதைத்தவன் நான்தான். கைவசம் இருந்தது ஒரே ஒரு சாம்பிள். இன்னொன்று செய்து காயவைக்க நான்கு நாளாகும். லேபிளோ மறுநாள் காலையில் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும்.

மாமா தன் கேமராவைக் கொடுத்தார். "ஏலே, ஒண்ணும் நோண்டிறாத. பொத்தானை மட்டும் அமுக்கு."

நோண்டினேன். கேமரா கம்பெனிக்காரன் பூட்டி வைத்த வசதிகளையெல்லாம் திறந்துவிடும் மென்பொருள் ஒன்று இணையத்தில் கிடைத்தது. (கம்பெனிக்காரன் அங்கீகரிக்காதது. அதனால்தான் எனக்குப் பிடித்தது.) மெமரி கார்டில் ஏற்றினேன். எதிரே ஏதாவது அசைந்தால் கேமரா தானே படமெடுக்கும் என்றது. கை நடுங்கும் பிரச்சினையே இல்லை!

இருட்டத் தொடங்கியதும் கம்பெனிக்கு வெளியே பொட்டலில் வெடி வைத்த குழாயை நட்டோம். குழாயும் வானமும் சேர்ந்து தெரிய ஸ்டாண்டில் கேமராவை வைத்தேன்.

"பக்கத்துல நிக்காம எங்கலே போற?"

"அதுவே பாத்து எடுத்துக்கிடும் மாமா. நீங்க பத்த வச்சிட்டு வாங்க."

புது ஐட்டத்துக்கு முதல் நெருப்பை மாமாதான் வைப்பார். ஊதுபத்தியை நீட்டினார். திரி சீறியது. மாமா ஓடினார்.

சிவகாசிப் பக்கம் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும், பத்த வைத்தவர் ஓடுவார் என்று. அது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. கேமரா மடமடவென்று எடுத்துத் தள்ளியது. வெடி மேலே போய்ச் சேர்வதற்குள் கார்டு நிறைந்துவிட்டது. பச்சையும் வெள்ளியும் ஊதாவுமாக வானம் முழுக்க விரிந்தது. அவ்வளவு அழகான வெடியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அழுகை வந்தது.

மாமா மூச்சிரைக்க வந்தார். "எம்புட்டுப் படம் வந்திருக்கு?"

"நாப்பத்தேழு மாமா."

"அம்புட்டும் வெடியா?"

"அம்புட்டும் நீங்க."

வேட்டியைத் தூக்கிப் பிடித்த மாமா, திரும்பிப் பார்க்கும் மாமா. கடைசிப் படத்தில் அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது. மாமா இருட்டில் செருப்பைத் தேடப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. பதற்றத்தில் எதையாவது சரிசெய்வோம் என்று ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினேன். திரை கறுத்தது. வெளியே நீட்டிய லென்ஸ் அதன்பிறகு உள்ளே போகவே இல்லை.

மறுநாள் லேபிளில் ரோஜாப்பூதான் போனது. பத்தோடு பதினொன்றாகக் கிடந்த அந்தப் பெட்டியை அந்தத் தீபாவளிக்கு யாரும் சீந்தவில்லை. மாமா அதற்குப் பிறகு அந்த வெடியைச் செய்யவும் இல்லை. அந்த வானத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

லென்ஸ் நீட்டிய கேமரா இன்றும் மாமா வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வீட்டில் யாராவது புதுப் பொருளைப் பிரித்தால், "அவன் வாரதுக்குள்ள உள்ள எடுத்து வைங்க" என்பாள் அத்தை. என் கல்யாண ஆல்பத்தில் எல்லாச் சொந்தமும் இருக்கிறது. தாலி எடுத்துக் கொடுக்க வேண்டிய மாமா மட்டும் ஒரு படத்திலும் இல்லை. முகூர்த்தம் முடியும்வரை அவர் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கேமராக்காரர் பக்கத்திலேயே காவல் நின்றார்.