விசா சித்தரும் மஞ்சள் அட்டையும்

சலவைக் கடைக்கு மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே படிக்கட்டு நிரம்பி, வரிசை தெருமுனை வரை நீண்டுவிட்டது. நின்றவர்கள் எல்லாரும் படித்தவர்கள். பாலம் கட்டுகிறவர், பல் பிடுங்குகிறவர், கணினிக்கே புத்தி சொல்லிக் கொடுக்கிறவர். அத்தனை பேர் கையிலும் ஒரு மஞ்சள் அட்டை. அத்தனை பேர் முகத்திலும் ஒரே கவலை: வசிப்பு அனுமதி நீளுமா, மூட்டை கட்ட வேண்டியதுதானா?

பதில் சொல்கிறவர் விசா சித்தர். எந்த மலையில் தவம் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. எந்த விசாவில் இந்த நாட்டுக்குள் வந்தார் என்பதும் தெரியாது. கேட்டால் பாவம்.

குடிவரவு அலுவலகம் கொடுக்கும் ரசீதை அவரிடம் கொண்டுபோக வேண்டும். "அருள் ஒட்டணும்" என்று சொல்லி, பசை தடவி மஞ்சள் அட்டையில் ஒட்டித் தருவார். பாஸ்போர்ட்டை வாங்கித் தன் காலடியில் இருக்கும் பெட்டியில் பூட்டிக்கொள்வார். அப்புறம் வாராவாரம் போக வேண்டும். அட்டையோடு திரைக்குப் பின்னால் பத்து நிமிடம் தியானம். வெளியே வந்து, "உன் ஃபைல் செவ்வாய்க்கிழமை ரெண்டாவது பிரிவைத் தாண்டிடுச்சு" என்பார். கைரேகை வைக்கப் போக வேண்டிய நாளையும் அவரே சொல்லி, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவார். அந்த நாளில் போய் நின்றால் அலுவலகத்துப் பட்டியலில் பெயர் இருக்கும்! என்ன ஒன்று, காணிக்கை கனக்கும் வரை தெய்வம் வாய் திறக்காது.

எங்கள் குடும்பத்தில் யாரும் எவன் காலடியிலும் எதையும் கொண்டுபோய் வைத்ததில்லை. என் மகன் வைத்தான். அவனுடைய பாஸ்போர்ட், மருமகளுடையது, பேத்தியுடையது, ஆக மூன்று. இயந்திரப் பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை ஜன்னல் பக்கம் சம்பந்தி அம்மாள் என் மகனுடைய மஞ்சள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்க வந்தவர். தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். கல்யாணப் பந்தியில் ஏற்பட்ட ஒரு மனஸ்தாபத்திலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சு அளவோடுதான்.

"சம்பந்தி, இந்த ரசீதோட முதுகுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? அட்டை இருக்கு."

"அட்டைக்கு முன்னாடி ஒரு முத்திரை இருக்கு. மை இந்தப் பக்கம் கசிஞ்சிருக்கு பாருங்க."

கெண்டியில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாள் அட்டையை ஆவியில் காட்டினார். என் மகன் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தான்.

"அத்தை! அது சித்தர் கையால ஒட்டினது. பிரிச்சா தோஷம்!"

"மாப்பிள்ளை, ஒட்டறதும் பிரிக்கறதும் முப்பத்தஞ்சு வருஷம் நான் பார்த்த உத்தியோகம். தோஷம் எதுவும் வந்ததில்லை. பென்ஷன்தான் வந்தது."

ரசீது வாழைத்தோல் மாதிரி உரிந்து வந்தது. முதுகில் நீல முத்திரை. கைரேகைக்கு வர வேண்டிய நாள்: திங்கட்கிழமை காலை ஒன்பதேகால். அதாவது நாளைக்கு! கீழே இரண்டு வரிகள். அசல் பாஸ்போர்ட்டுடன் வராதவரின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். ரசீது எண்ணை இணையதளத்தில் இட்டால் ஃபைல் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம்.

"உனக்கு எந்த நாள்னுடா சொன்னார் உங்க சித்தர்?" என்றேன்.

"இன்னும் தெய்வம் உத்தரவு தரலையாம்பா. இன்னொரு பூஜை முடிச்சா அடுத்த வாரம்..."

"அடுத்த வாரம் நீ பெட்டி கட்டிட்டு இருப்ப."

மகன் சித்தரின் சீடனுக்குப் போன் செய்தான். இருபத்தொரு நாள் முடியாமல் பெட்டியைத் திறந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். சீடன் போனை வைத்துவிட்டான்.

"ஓசைப்படாம போய்க் கேட்டு வாங்கிடலாம். நாலு பேருக்கு முன்னாடி நம்ம வீட்டு மானம் போகக்கூடாது" என்றேன்.

சம்பந்தி அம்மாள் செருப்பை மாட்டினார். "மானம் இப்ப அந்தாள் காலடிப் பெட்டியில இருக்கு, சம்பந்தி. வாங்க, எடுத்துட்டு வருவோம்."

கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தார். ரசீதைப் பழையபடி அட்டையில் ஒட்டினார். கைப்பையிலிருந்து ஒரு தபால்தலையை எடுத்து, ரசீது எண் இருந்த இடத்தை மறைத்து ஒட்டினார். நகர்த்தினால் தெரியும்படி, தபால்தலைக்கும் தாளுக்கும் சேர்த்துப் பேனாவால் குறுக்கே இரண்டு கோடு.

மாடி அறையில் ஐம்பது பேர். சித்தர் புலித்தோல் அச்சடித்த போர்வை மேல் உட்கார்ந்திருந்தார். அம்மாள் அட்டையை நீட்டினார்.

"சாமி, எங்க மாப்பிள்ளை ஃபைல் எங்க இருக்கு?"

சித்தர் அட்டையோடு திரைக்குப் பின்னால் போனார். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். எண்ணைத் தவிர அட்டையில் வேறு அடையாளம் இல்லை; ஐம்பது அட்டைகளில் இது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வெளியே வந்தபோது நெற்றி வியர்த்திருந்தது.

"இன்னிக்கு மேகம் மறைக்குது, தாயே."

"மேகம் இல்ல சாமி, தபால்தலை. அரை விரல் அகலம். அதை மறைச்சா உங்க தெய்வத்துக்குக் கண்ணு தெரியாதா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாள் கோடு கலையாமல் இருப்பதை எல்லாருக்கும் காட்டினார். அப்புறம் அங்கேயே ரசீதைச் சரக்கென்று உரித்து, முதுகைத் திருப்பிப் பிடித்தார்.

"படிச்சவங்கதானே? படிங்க."

படித்தார்கள். பல் வைத்தியர் தன் ரசீது எண்ணைப் போனில் தட்டினார். "ரெண்டாவது பிரிவு... செவ்வாய்க்கிழமை..." வாய் பிளந்தார். அதற்குள் பாலம் கட்டுகிறவர் திரையை விலக்கினார். தியான பீடத்தில் ஒரு மடிக்கணினி, திறந்தபடி. அதே இணையதளம். பக்கத்தில் பசை டப்பா.

"எம் பெரியப்பா மகன் போன மாசம் நாள் தவறி ஊருக்குத் திரும்பிட்டான்யா! கர்மான்னு சொன்னியே!" என்று ஒருவர் பாய்ந்தார்.

நான் பெட்டியின் முன்னால் போய் நின்றேன். "சாவி" என்றேன். சித்தரே மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் மூன்று பாஸ்போர்ட்டும் கிடைத்தன. பெட்டியின் அடியில் சித்தருடைய பாஸ்போர்ட்டும் கிடைத்தது. அவருடைய அனுமதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"சாமி, உங்க ஃபைல் எந்த மேஜையில இருக்கு?" என்றான் என் மகன். அறையே சிரிப்பில் அதிர்ந்தது. அன்றைக்குத்தான் அவன் என் மகன் மாதிரி பேசினான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மூன்று பேரும் கைரேகை வைத்தார்கள். அன்று மாலை நானே தேநீர் போட்டு, முதல் கோப்பையைச் சம்பந்தி அம்மாளுக்குக் கொடுத்தேன். பந்தி விவகாரத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் படி இறங்கும்போது நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கணினிக்குப் புத்தி சொல்கிறவர் அம்மாளின் காலில் விழப் போனார். "அம்மா, ராசியான கை உங்களுக்கு. என் அட்டையையும் நீங்களே பிரிச்சுக் குடுங்க!"

"வெந்நீர் வைக்கத் தெரியுமா தம்பி உனக்கு?"

"தெரியும்மா."

"அப்போ வீட்டுக்குப் போய் வை. எதையும் திருப்பிப் பாக்கப் பழகு."

பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்கிறார்கள். பெட்டிக்கு எடை பார்க்கிறார்கள். மூளைக்கு மட்டும் எந்த நாட்டு எல்லையிலும் தடை இல்லை. அதைத்தான் நம்மவர்கள் மறக்காமல் ஊரிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.