பத்தரை மணிப் பெண் குதிரை

"பெண் குதிரையோட பேரு என்ன சார்?"

பண்ணைக் காவலர் குளோவிஸ் நோட்டைத் திறந்து பேனாவை உதறினார். வெர்லின் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். முப்பத்தாறு அடி வீட்டு வண்டியின் கடைசியில், திரைக்கு அப்பால், அவர் மனைவி தலைமுடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆர்டிஸ்," என்றார்.

மனைவியின் பெயர்தான். அவசரத்துக்கு வேறெந்தப் பெண்ணின் பெயரும் அந்த மனுஷனுக்கு வாயில் வரவில்லை. வேண்டுமானால் ஏகபத்தினி விரதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெர்லின் ஓஹையோவில் முப்பத்தொரு வருஷம் துணைத் தலைமையாசிரியர். லீவ் லெட்டரில் இருப்பது அப்பா கையெழுத்தா பிள்ளை கையெழுத்தா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் இந்த வண்டியை வாங்கிக்கொண்டு கென்டக்கிக்குக் கிளம்பியாயிற்று. ஒப்பந்தம் எளிது. சுற்றிப் பார்க்க நாலு விஸ்கி ஆலை அவருக்கு, ஒரே ஒரு குதிரைப் பண்ணை அவளுக்கு. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற 'கார்டினல் ரூல்' குதிரையின் மூக்கை ஒரு தடவை தடவ வேண்டும் என்பது ஆர்டிஸின் ஆறு வருஷ ஆசை.

முன்பதிவெல்லாம் வெர்லின் பொறுப்பு. நாலு ஆலைக்கும் பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிட்டார். பண்ணை மட்டும் மறந்துபோயிற்று. பாவம், ஒரு மனுஷன் எத்தனையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்!

"இன்னிக்குக் கார்டினலைப் பார்க்கலைன்னா ஒரு சொட்டு விஸ்கி கிடையாது. வண்டி நேரா ஓஹையோதான்," என்று காலையில்தான் அவள் சொல்லியிருந்தாள். முன்பதிவு இல்லாதவர்களுக்கு அனுமதியில்லை என்ற பலகைக்கு எதிரே வியர்த்து நின்றவரிடம், "பத்தரை மணிக்குக் கார்டினலோட இணை சேர்க்கக் கொண்டுவர்ற குதிரையா சார்?" என்று குளோவிஸ் கேட்டார். தலை தானாக ஆடிவிட்டது.

"வயசு?"

"அறுப... பதினொண்ணு."

"முன்னாடி குட்டி போட்டிருக்கா?"

"ரெண்டு. ரெண்டும் டென்வர்ல செட்டில் ஆயிடுச்சு."

"உதைக்குமா?"

"காலையில காபி குடிச்சுட்டா உதைக்காது."

குளோவிஸ் எல்லாவற்றையும் சிரத்தையாக எழுதிக்கொண்டு வண்டியைக் கொட்டகைக்கு அனுப்பினார். அங்கே கால்நடை டாக்டரம்மா பெண் குதிரையின் வாலைச் சுற்றிக் கட்டும் துணியோடு காத்திருந்தாள்.

"இறக்குங்க சார்."

"கொஞ்சம் கூச்ச சுபாவம். தூங்குது."

"அப்ப முதல்ல ஆழம் பார்க்கிற குதிரையை விடுவோம். பெண் குதிரைக்கு மனசிருக்கான்னு அது மோந்து சொல்லிடும். மத்தபடி அதுக்கு ஒண்ணும் கிடைக்காது."

வண்டி ஓட்டுபவர் என்ற காரணத்தால் நேற்று, முதலாவது ஆலையில், கிளாஸை மோந்து மட்டும் பார்த்த வெர்லினுக்கு அந்தக் குதிரையின் மேல் உடனே பாசம் பிறந்தது. அது நேராக வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டுத் திரையைத் தின்னத் தொடங்கியது.

"வெர்லின்! ஜன்னல்ல யாரு?"

"சுத்திக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க கண்ணு! நமக்கு முன்வரிசை!"

"குரல் கொடுக்குதே. நல்ல அறிகுறி," என்று டாக்டரம்மா குறித்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க. பதினொரு மாசத்துல குட்டி பிறந்து, எழுந்து நின்னு, பால் குடிக்கணும். அதுதான் இங்க ஒப்பந்தம்."

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பீப்பாய் ஒன்று அவருக்காகத் திறக்கப்பட இருந்தது. இந்தத் தடவை யார் ஓட்டுவது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அறுபத்தாறு வயது மனைவி அடுத்த வசந்தத்தில் குட்டி போடுவாள் என்று வெர்லின் கையெழுத்திட்டார்.

அடுத்த நிமிஷம் ஹெல்மெட் போட்ட நாலு பேர் கார்டினல் ரூலைப் பிடித்து வந்தார்கள். ஆறடி உயரம், அடுப்புக்கரி நிறம், யாரையும் மதிக்காத நடை. டாக்டரம்மா வண்டிக் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"வேண்டாம்! திறக்காதீங்க!" வெர்லின் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். "உள்ள குதிரை இல்ல. என் பெண்டாட்டி. நான் முன்பதிவு பண்ண மறந்துட்டேன். போதுமா? மறந்துட்டேன்!"

கதவு உள்ளிருந்தே திறந்தது. நீலத் தொப்பியும், கையில் பெப்பர்மின்ட் மிட்டாயுமாக ஆர்டிஸ் இறங்கினாள். கணவரை லேசாக நகர்த்திவிட்டு நேராகப் போய்க் கார்டினலின் மூக்கைத் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது மிட்டாயை வாங்கிக்கொண்டது. ஹெல்மெட்காரர்கள் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

"ஆர்டிஸ்..." வெர்லின் மென்று விழுங்கினார். "பதிவுல ஒரு சின்னக் குழப்பம்..."

பின்னாலேயே நடந்து வந்திருந்த குளோவிஸ் நோட்டை மூடினார்.

"குழப்பமே இல்ல சார். மார்ச் மாசமே அம்மா உங்க ரெண்டு பேருக்கும் பதிவு பண்ணிட்டாங்க; நீங்களா மறந்துட்டேன்னு ஒத்துக்கிற வரைக்கும், நீங்க என்ன சொன்னாலும் நம்புற மாதிரி தலையாட்டச் சொன்னாங்க."